பிரேசர் டவுனுக்கு ஓர் இணைய முகவரி

பெங்களூரின் பிரேசர் டவுனுக்கு அரசு ஆவணங்களில் வேறு பெயர். மாநகராட்சி அதனைப் புலிகேசி நகர் என்று மாற்றிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டமன்றத் தொகுதியின் பெயரும் அதுவே. ஆயினும் ஆட்டோ ஓட்டுநரிடம் புலிகேசி நகர் என்றால் அவர் ஒரு கணம் யோசிப்பார். பிரேசர் டவுன் என்றால் யோசிக்க மாட்டார். ஆங்கிலத்தில் எழுதுவோரிடமும் இரு கட்சி உண்டு. பகுதிக்குத் தம் பெயரைத் தந்த மைசூர் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசர் தம் பெயரை 'எஸ்' இட்டு எழுதினார். கடைப் பலகைகளில் பெரும்பாலும் 'இசட்'. இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் கடிதம் வழி தவறாமல் வந்து சேர்வதற்குக் காரணம் 560005 என்னும் அஞ்சல் குறியீடு. எந்தப் பெயரை எழுதினாலும் குறியீடு ஒன்றே.

இணையதளம் தொடங்க விழையும் ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் கிடைப்பது அரிது. கல்லூரிகளில் நடைபெறும் பயிலரங்குகளோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. அரை மணி நேரத்தில் இணையதளம் என்பது அவற்றின் வழக்கமான வாக்குறுதி. ஆயத்த வடிவமைப்பு ஒன்றைத் தேர்ந்து, நிறத்தை மாற்றி, நிழற்படம் ஏற்றினால் மாலைக்குள் தளம் எழுந்துவிடும்; பங்கேற்புச் சான்றிதழும் கைக்கு வந்துவிடும். வாக்குறுதி பொய்யன்று. தளம் உண்மையிலேயே அரை மணி நேரத்தில் அமைந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டில் அது இருக்குமா என்னும் வினா மட்டும் அங்கே எழுவதில்லை. தம் கட்டுரைகளையும் தன்விவரத்தையும் மட்டும் ஏற்றுவோர்க்கு இது பெரிய குறையன்று. தளம் மறைந்தால் இழப்பு அவருக்கே. பிறர் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த தாள்களையும் படங்களையும் ஏற்றுவோர்க்கு அவ்வாறன்று. அவர்கள் தம் உதவித்தொகைக் காலத்தினும் நீண்ட ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறார்கள். தொடக்கநிலையினருக்குக் கற்பிக்க வேண்டியது அந்தக் கடனைச் சுமக்கும் வழியையே.

பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர் பகுதிகளின் தமிழ்க் குடும்ப வரலாற்றை ஆராயும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருடைய பொருள் எளிதில் அகப்படும் பொருளன்று. 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குப் பெயர்ந்ததும் தண்டுப் பகுதி உருவாயிற்று. படையோடும் படையின் பின்னும் தமிழர் வந்தனர்: சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், தானிய வணிகர்கள், சமையற்காரர்கள், தோட்டவேலையாட்கள். 1898இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய் நெரிசல் மிக்க பழைய குடியிருப்புகளுக்கு வெளியே புதிய விரிவாக்கங்களின் தேவையை உணர்த்தியது. பிரேசர் டவுன் அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. 1947 வரை தண்டு மைசூர் மன்னரின் ஆட்சிக்கு வெளியே, ரெசிடெண்டின் பொறுப்பில் இருந்தது. 1949இல்தான் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. இதன் விளைவு ஆய்வாளருக்கு நன்கு தெரியும்: ரெசிடென்சிக் கோப்புகள் தில்லியில், சென்னை மாகாணத்தின் தாள்கள் எழும்பூரில், மைசூர் அரசின் தாள்கள் பெங்களூரில், மேலும் சில இலண்டனில். நான்கு ஊர்களிலும் தேடினாலும் ஒரு சமையற்காரரின் பெயர் அரிதாகவே கிடைக்கும். அப்பெயர் கிடைக்கும் இடம் கோல்ஸ் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், பேத்தியின் அலமாரியில், ஒரு திருமண அழைப்பிதழின் அடிப்பகுதியில்.

இணையத்தில் உள்ள பிரேசர் டவுனோ வேறு. தேடுபொறியில் அப்பெயரை இட்டால் நோன்புக் காலத்து மசூதி சாலையின் தின்பண்டங்களும், 1902இல் தொடங்கிய பேக்கரியும், வாடகை வீட்டு விளம்பரங்களும் வந்து குவியும். அவை வேண்டாதவை அல்ல. மசூதி சாலையின் மாலை நேரத்தை வெறுப்பவர் அப்பகுதியை ஆராயத் தகுதியற்றவர். ஆயினும் அத்திருமண அழைப்பிதழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே தளம் ஒன்று வேண்டும் என்னும் மாணவரின் எண்ணம் நியாயமானது.

அவர் முதலில் வாங்க வேண்டியது டொமைன் எனப்படும் தளப்பெயர். இங்கே 'வாங்குதல்' என்னும் சொல்லே ஏமாற்றுச் சொல். தளப்பெயரை எவரும் வாங்குவதில்லை; ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கின்றனர். டாட் இன் பெயருக்குப் பதிவாளர் நிறுவனங்கள் கேட்கும் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். முதலாண்டில் தள்ளுபடி விலை, இரண்டாம் ஆண்டு முதல் முழு விலை என்பது அவர்களின் வணிக முறை. பார்க்க வேண்டியது புதுப்பித்தல் கட்டணத்தையே. இதனினும் முக்கியமானது, குத்தகை யார் பெயரில் உள்ளது என்பது. கணினி தெரிந்த நண்பரோ, வடிவமைத்துக் கொடுத்த கடைக்காரரோ தம் கணக்கில் தளப்பெயரைப் பதிந்துவிடுவது வழக்கம். உதவி செய்தவர் ஊர் மாறினால், கைப்பேசி எண்ணை மாற்றினால், மனம் மாறினால், தளத்தின் உரிமையாளர் அவரே.

மின்னஞ்சலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆய்வு மாணவர் பலர் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே பதிவு செய்கின்றனர். பார்வைக்கு மதிப்பாக இருக்கிறது. பட்டம் பெற்று வெளியேறியபின் அம்முகவரி முடக்கப்படும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் மடல்கள் முடங்கிய பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். கடவுச்சொல்லை மீட்க முயன்றாலும் மீட்பு மடல் அதே பெட்டிக்குத்தான் செல்லும். 'தானாகவே புதுப்பிக்கப்படும்' என்னும் வசதியை நம்புவதும் இந்தியாவில் அவ்வளவு பாதுகாப்பானதன்று. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அட்டையிலிருந்து தொடர்ச்சியாகப் பணம் எடுக்க அட்டைக்காரர் முறைப்படி இசைவு தந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தின் கோரிக்கையை வங்கி மறுத்துவிடும். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கேட்கப்படும் தொகை வழக்கமான கட்டணத்தைப் போல் பன்மடங்கு. அதுவும் கடந்தால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். பழைய தளத்துக்குப் பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளுக்காகவே அத்தகைய பெயர்களைக் காத்திருந்து கவர்வோர் உண்டு. பிறகு ஆய்வேட்டின் அடிக்குறிப்பைப் பின்பற்றிச் செல்லும் வாசகர், தண்டுத் தமிழரின் வரலாற்றுக்குப் பதில் சூதாட்ட விளம்பரத்தில் போய் நிற்பார். முதல் நாளிலேயே ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ சேர்த்துக் கட்டுவதும், நிலையான தனி மின்னஞ்சலைக் கொடுப்பதும் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்.

பெயரைத் தேர்வதில் பிரேசர் டவுன் மாணவருக்குச் சிக்கல் கூடுதல். 'எஸ்' கட்சியா, 'இசட்' கட்சியா, புலிகேசியா? எதைத் தேர்ந்தாலும் மற்ற இரு பெயர்களில் தேடுவோர் வந்து சேரும் வண்ணம் முதற்பக்கத்தில் எல்லா வடிவங்களையும் ஒருமுறையேனும் எழுதிவைப்பது அவசியம். தமிழிலும் பிரேசர், ஃபிரேசர், பிரேஸர் என மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. தேடுவோர் எதைத் தட்டுவார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. தமிழிலேயே தளப்பெயர் வைக்கலாமே என்பார் உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியன தமிழ் எழுத்திலேயே உள்ளன. தமிழ் ஆர்வலர் எவருக்கும் அது இனிக்கும். பக்க முகவரிகளில் தமிழை இடும்போது நிகழ்வதை மட்டும் அறிந்துகொண்டு இறங்குவது நலம். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். உலாவியிலிருந்து முகவரியை நகலெடுத்தால் பெரும்பாலும் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக நீளும். 'பிரேசர்' என்னும் ஒற்றைச் சொல் 63 எழுத்துகளாகும். அதனை அடிக்குறிப்பில் அச்சிட்டால் ஒரு வரியை விழுங்கிவிடும். ஓரெழுத்து தவறினாலும் பக்கம் திறக்காது. பக்கத்தின் உள்ளே தமிழ், முகவரியில் குறுகிய உரோமன் எழுத்தும் எண்ணும் என்பதே இன்றைய நிலையில் நடைமுறைக்கு ஒத்தது.

இதற்கு ஆதாரம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் என்றேனும் திறந்திருக்கும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளைப் பார்த்தாலே போதும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தை வழிநடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம். அரசுப் பணம் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து அனுப்பினர். அங்கே கோப்பின் பெயர் நூலின் பெயரன்று, வரிசை எண். திருக்குறள் முதல் எண். கோப்பின் தலைப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள். பக்கத்தில் அலங்காரம் ஏதுமில்லை. அழகுணர்ச்சி மிக்க வடிவமைப்பாளர் எவரும் அத்தளத்தைத் தம் மாதிரித் தொகுப்பில் காட்டமாட்டார். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அக்கோப்புகள் திறக்கின்றன. அவை பிறந்த காலத்து உலாவிகள் மறைந்தன; எழுத்துக் குறியாக்கமே மாறிற்று. தொடக்கத்தில் தனி எழுத்துருக்களிலும், பின் திஸ்கியிலும் இருந்த உரைகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்ற முடிந்ததற்குக் காரணம், உரை வெறும் உரையாகவே இருந்ததுதான். வடிவமைப்போடு பிணைந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்திருக்கும்.

எதிர்ப்புறச் சான்றுகளுக்கும் குறைவில்லை. 1994இல் தொடங்கி, 1999இல் யாகூ வாங்கிய ஜியோசிட்டீஸ், எவரும் இலவசமாகத் தளம் அமைக்கலாம் என்று அழைத்தது. தமிழர் பலரின் முதல் இணையப் பக்கமும் அங்கேதான். 2009 அக்டோபரில் கதவு மூடப்பட்டது. சில ஆர்வலர்கள் கடைசி மாதங்களில் அள்ளிச் சேமித்த பகுதி மட்டுமே எஞ்சியது. ஆர்குட் 2014 செப்டம்பரிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் போயின. இலவச இடத்தில் எழுதியவருக்கு வாடகைதாரருக்குரிய உரிமைகூட இல்லை என்பது ஒவ்வொரு முறையும் மூடிய பிறகே நினைவுக்கு வந்தது.

இழப்பின் அளவைக் கணக்கிட்டவர்களும் உண்டு. ஜோனதன் ஸிட்ரைன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சுட்டிய இணைய முகவரிகளில் பாதி, முதலில் சுட்டிய செய்திக்கு இட்டுச்செல்லவில்லை. அவர்கள் ஆராய்ந்த ஹார்வர்டு சட்ட இதழ்களிலோ அது எழுபது விழுக்காட்டுக்கும் மேல். பியூ ஆய்வு மையம் 2024இல் தந்த கணக்கு: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் மறைந்தன. உச்சநீதிமன்ற அடிக்குறிப்புக்கே இக்கதி எனில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறாயின் தளத்தை எதில் அமைப்பது? இழுத்து வைத்துக் கட்டும் வணிகச் சேவைகள் எளியவை. ஆனால் மாதக் கட்டணம் நின்றால் தளம் நிற்கும், அங்குள்ளவற்றை முழுதாக வெளியே கொண்டுவருவதும் கடினம். 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ் இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. கட்டற்ற மென்பொருள், தமிழ் நன்கு இயங்கும், உதவி கேட்க ஆளுண்டு. அது ஒரு வளர்ப்புப் பிராணி என்பதை மட்டும் பயிலரங்குகள் சொல்வதில்லை. மென்பொருளுக்கும், தோற்ற வார்ப்புக்கும், ஒவ்வொரு செருகுநிரலுக்கும் இற்றைப்படுத்தல் வந்துகொண்டேயிருக்கும். ஆறு மாதம் கவனியாமல் விட்டால் பழைய ஓட்டை வழியே அயலார் நுழைவர். களப்பணிக்குச் சென்ற மாணவர் திரும்பி வந்து பார்க்கும்போது தளத்தில் மருந்து விற்பனை நடக்கும். வாரந்தோறும் புதிய செய்தி இடுவோர்க்கு, பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு, வேர்ட்பிரஸ் தகும். நாற்பது ஆவணங்களும் இருபது கட்டுரைகளும் கொண்ட ஓர் ஆய்வுத் தளத்துக்கு எளிய நிலைப்பக்கங்களே போதும். அவற்றில் தரவுத்தளம் இல்லை. உள்நுழையும் வாயில் இல்லை. எனவே உடைப்பதற்கும் அதிகம் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை, குறிக்கு மூன்று பைட் என்று கொண்டாலும், ஏறத்தாழ அறுபது கிலோபைட்டுக்கு மேல் போகாது. கைப்பேசியில் எடுத்த ஒரேயொரு நிழற்படம் அதனைப்போல் ஐம்பது மடங்கு. முழுத் தளத்தையும் ஒரு கோப்புறையாகப் பென் டிரைவில் இட்டு எந்தக் கணினியிலும் திறந்து காட்டலாம். அடிப்படைக் குறிகளைக் கற்க மூன்று வார இறுதிகள் வேண்டும். அரை மணி நேரப் பயிலரங்கோடு ஒப்பிட்டால் நீண்ட காலந்தான். ஆய்வு மாணவர் ஓலைச்சுவடி வாசிக்கவும் கல்வெட்டு எழுத்தறியவும் மாதக்கணக்கில் செலவிடுபவர். இதற்கு மூன்று வாரம் தருவதில் தவறில்லை.

குறியாக்கத்தைப் பற்றித் தமிழ்த்துறையினருக்குத் தனியே சொல்ல வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இன்றும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகள் பிடிஎஃப் ஆகி மின்களஞ்சியங்களில் ஏறுகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அவை தேடுபொறிக்கு உரோமன் எழுத்துக் குப்பை. அங்கே ஆராய்ச்சி இருக்கிறது. எவரும் கண்டடைய இயலாது. ஒருங்குறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'கோல்ஸ்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலில் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. பழைய கோப்புகளிலிருந்து மாற்றிய உரையில் இப்பிழை மிகுதி. ஏற்றுவதற்கு முன் ஒருமுறை சீர்செய்துவிட்டால் பின்னர் 'ஏன் கிடைக்கவில்லை' என்று தவிக்க வேண்டாம்.

படங்களைப் பொறுத்தவரை ஒரு வழக்கத்தைக் கைவிட்டாக வேண்டும். குடும்பத்தார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அப்படியே தளத்தில் ஏற்றுவது எங்கும் நடக்கிறது. வழக்கமான முறையில் அனுப்பும்போது அச்செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. பின்னணியில் நிற்கும் கடைப் பலகையின் எழுத்து, ஆய்வாளருக்கு வேண்டிய அதே எழுத்து, கரைந்துபோகும். நேரில் சென்று வருடி எடுத்த மூலக்கோப்பை மூன்று இடங்களில் வைத்துக்கொண்டு, அதன் சிறிய படியைத் தளத்துக்கு அனுப்புவதே முறை. யார் தந்தது, எந்த நாளில், படத்தில் இருப்போர் யார் யார், அதைச் சொன்னவர் யார் என்னும் நான்கு விவரங்களைப் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கவில்லையெனில், பத்தாண்டு கழித்து அது 'பழைய பெங்களூர்' என்னும் அநாதைப் படமாகச் சமூக ஊடகங்களில் அலையும்.

அதே நான்கு விவரங்கள்தாம் சிக்கலையும் கொண்டுவருகின்றன. திருமண அழைப்பிதழில் சாதிப் பெயர் இருக்கும். ஞானஸ்நானப் பதிவின் படியில் தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். கடிதத்தில் கடன் கணக்கு இருக்கும். பெட்டியைத் திறந்து காட்டும் மூதாட்டி மாணவர் ஒருவருக்குக் காட்டுகிறார். உலகுக்குக் காட்ட இசைந்தாரா என்பது வேறு கேள்வி. இணையதளம் என்றால் என்னவென்று அவருக்கு அவர் வீட்டுக் கைப்பேசியிலேயே திறந்து காட்டி, பக்கம் எப்படித் தோன்றும் என்று விளக்கி, அதன்பின் எழுத்தில் இசைவு பெறுவதே நேர்மை. வேண்டாம் என்று பின்னர் சொன்னால் நீக்கும் வழியும் அப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிழற்படத்தின் பதிப்புரிமை, இந்தியச் சட்டப்படி, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும்; ஸ்டுடியோக்காரரின் முத்திரை பதிந்த படத்தில் இதையும் கருத வேண்டியிருக்கும். சட்டம் ஒருபுறமிருக்க, அண்டை வீட்டார் கேலி செய்யும் ஒரு செய்தியைப் பொதுவில் வைத்துவிட்டால் பதிப்புரிமை காலாவதியாயிற்று என்று சொல்லி அந்தக் குடும்பத்தைச் சமாதானப்படுத்த முடியாது.

இத்தனை தொல்லைக்குச் சமூக ஊடகமே மேல் என்பார் வாதத்தைத் தள்ளிவிட இயலாது. பிரேசர் டவுன் குடும்பங்கள் இருப்பது அங்கேதான். தனித் தளத்துக்கு நாளொன்றுக்கு நான்கு பேர் வருவர், அவர்களிலும் இருவர் தேடுபொறியின் எந்திரங்கள். ஊடகத்தில் இட்ட ஒரு பழைய படத்துக்கு ஒரே இரவில் நாற்பது பின்னூட்டங்கள் வரும். அவற்றுள் ஒன்றிலாவது, இடப்புறம் நிற்பவர் எங்கள் பெரியப்பா என்னும் வரி இருக்கும். எந்த ஆவணக் காப்பகமும் தராத தகவல் அது. ஆனால் அத்தகவல் மூன்றாம் நாள் அடியில் போய்விடும். அடுத்த ஆண்டு தேடினால் அகப்படாது. அகப்பட்டாலும் மேற்கோள் காட்டும் முகவரி நிலைக்காது. ஊடகத்தில் கேட்டு, விடையைத் தளத்தில் பதிந்து, சொன்னவரின் இசைவோடு அவர் பெயரையும் சேர்ப்பது என்று இரண்டையும் இணைத்துக்கொள்வதே உழைப்புக்கு ஏற்ற வழி. மித்திக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவரும் பணியும், கல்வெட்டுக் கற்களைத் தேடி அலைந்த ஆர்வலர்கள் ஊடகத்தில் கூடியதிலிருந்து வளர்ந்ததே. ஊடகம் ஆட்களைச் சேர்த்தது. நிலைக்க வேண்டியது நிறுவனத்துக்குப் போயிற்று.

நிறுவனம் என்றதும் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டுகள். அதன்பின் மாணவர் வேலை தேடி எந்த ஊருக்கோ போய்விடுவார். தளத்தைப் பராமரித்த மணிநேரங்களுக்கு நேர்காணலில் மதிப்பெண் இல்லை. கட்டுரை வெளியான இதழ்களின் பட்டியலுக்கே மதிப்பெண். உழைப்பைக் கணக்கில் கொள்ளாத அமைப்பு, தளங்கள் மடிவதைப் பார்த்து மாணவரின் சோம்பலைக் குறை சொல்வது அழகன்று. பல்கலைக்கழகம் தன் தளப்பெயரின் கீழ் மாணவருக்கு ஒரு சிறு இடம் தந்து, பட்டம் பெற்றபின்னும் அதனை அழிக்காமல் வைத்திருக்கலாம். சில நூறு மெகாபைட் இடத்துக்கு ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் பூங்கொத்துச் செலவைத் தாண்டாது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு கல்விக்கழகமாகப் பெயர் மாறியும் பழைய தளப்பெயரைக் கைவிடவில்லை. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் அந்த ஆங்கில முதலெழுத்துகள் முகவரியில் இன்றும் இருக்கின்றன. அதனால் பழைய அடிக்குறிப்புகள் பல பிழைத்தன. நிர்வாகம் மாறியவுடன் தளத்தைப் புதிதாக வடிவமைத்து எல்லா முகவரிகளையும் முறித்துப் போடும் கல்லூரிகளுக்கு இந்த ஒன்றாவது உறைக்க வேண்டும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையைக் கண்ட டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே வற்புறுத்தி எழுதினார்.

பல்கலைக்கழகம் கைகொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் இளைஞர் சிலரின் தன்னார்வ முயற்சியாகவே தொடங்கியது. பின்னர் அறக்கட்டளையாகிப் பலர் கைக்கு மாறியது. தொடங்கியவரிடமே முடங்கியிருந்தால் அது இன்று இருக்கும் அளவுக்கு வளர்ந்திராது. பிரேசர் டவுன் மாணவரின் தளம் அறக்கட்டளையாக வேண்டியதில்லை. கடவுச்சொற்களும் புதுப்பிக்கும் தேதியும் எழுதிய தாள் ஒன்று அவரைத் தவிர இன்னொருவரிடம் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தளத்தையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பதியச் செய்வதற்குக் காசில்லை. ஆவணங்களின் தொகுப்பைச் செர்ன் நடத்தும் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும். ஆய்வேட்டில் அந்த எண்ணைச் சுட்டலாம், தளம் போனாலும் எண் போகாது. இசைவு தராத குடும்பத்தின் தாள்களை அங்கே இடலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். களஞ்சியத்தில் ஏறியதை இறக்குவது தளத்தில் நீக்குவதைப் போல் எளிதன்று.

துறைத்தலைவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு நிதியும் வேண்டா, ஆட்சிக்குழு ஒப்புதலும் வேண்டா. ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது மாணவர் நிரப்பும் தாள்களோடு இன்னுமொரு அரைப்பக்கத்தைச் சேர்க்கலாம். இவ்வாய்வின்பொருட்டு இணையதளம் உண்டா, தளப்பெயர் யார் பெயரில் எந்த நாள் வரை, மூலக்கோப்புகளின் படி எங்கெங்கே, ஆவணம் தந்த குடும்பங்களுக்கு அவற்றின் படி கொடுக்கப்பட்டதா, நீக்கக் கோருவோர் இனி யாருக்கு எழுத வேண்டும். கையொப்பமிடுவதற்கு முன் நெறியாளர் அத்தளத்தை ஒருமுறை தம் கைப்பேசியில் திறந்து பார்க்கட்டும்.